சாதி பார்ப்பதில்லை என்பவர்கள் சாதி பார்ப்பது எப்படி? முரண்பட்ட நம்பிக்கைகளின் உளவியல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரை முன்வைத்து

2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நடைபெற்ற இசை, நாட்டிய நிகழ்ச்சிக்கு இசையமைப்பாளர் இளையராஜா வந்திருந்தார். அவருக்குக் கோயில் மரியாதை அளிக்கப்பட்டது. ஜீயர்களோடு அவரும் அர்த்த மண்டபத்தை நோக்கிச் சென்றபோது, அங்கே நுழையக் கூடாது என்று சொல்லப்பட்டு, வெளியே நின்று வழிபட்டார் என்ற செய்தியும் காணொளியும் அன்றிரவே தமிழகமெங்கும் பரவின. அர்ச்சகர்கள், பரிசாரகர்கள், மடாதிபதிகள் தவிர வேறு எவரும் அர்த்த மண்டபத்துக்குள் செல்வது வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கம் அளித்தது. தம்மைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பப்படுவதாகவும், தாம் எங்கும் தன்மானத்தை விட்டுக்கொடுப்பவர் அல்லர் என்றும் இளையராஜா மறுநாள் தெரிவித்தார்.

அன்று அந்த வாயிலில் நடந்தது என்ன என்ற ஆய்வு இக்கட்டுரையின் நோக்கமன்று. சம்பந்தப்பட்டவரே மறுத்துவிட்ட ஒன்றை நாம் அவர்மீது சுமத்த வேண்டியதில்லை. கவனத்திற்குரியது, அந்தச் செய்தியைக் கேட்டவர்களின் மறுமொழி. இளையராஜாவின் பாடல்களை நாள்தோறும் கேட்கும் பலர், எந்தத் தயக்கமும் இன்றி "விதி எல்லோருக்கும் பொதுதானே" என்றனர். அவரைக் கொண்டாடும் மனமும், பிறப்பின் வழி வந்த உரிமையை நியாயப்படுத்தும் மனமும் ஒரே மனிதருக்குள் சண்டையின்றி வாழ்ந்தன. இது எப்படி இயல்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடும் உளவியல் கோட்பாடு ஒன்று உண்டு. சமூக உளவியலாளர்கள் அதனை அறிதல் முரண் என்பர். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக் 'காக்னிட்டிவ் டிசொனன்ஸ்' என்றும் வழங்குவர். சாதிக்கு எதிராகப் பணியாற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய கோட்பாடு இது.

கோட்பாடு பிறந்த நிலநடுக்கம்

அறிதல் முரண் கோட்பாட்டை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர். அவருடைய நூல் 1957இல் வெளிவந்தது. அக்கோட்பாட்டுக்கு வித்திட்ட நிகழ்வு இந்தியாவில் நடந்தது என்பது நம் மாணவர்கள் பலரும் அறியாத செய்தி.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டி ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தைக் காணாத பகுதிகளில்தான் இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்னும் வதந்திகள் மிகுதியாகப் பரவியிருந்தன. ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவர்கள் மேலும் அச்சமூட்டும் செய்தியை ஏன் நம்ப வேண்டும்? 1950களின் தொடக்கத்தில் இவ்வாய்வைப் படித்த ஃபெஸ்டிங்கருக்கு இதுவே புதிராக இருந்தது. அவர் கண்ட விடை எளியது. "நான் அஞ்சுகிறேன்" என்பது ஓர் அறிவு. "என்னைச் சுற்றி எதுவும் இடிந்து விழவில்லை" என்பது மற்றோர் அறிவு. இரண்டும் பொருந்தவில்லை. அச்சத்தை விலக்க முடியாதபோது, அச்சத்துக்குப் பொருத்தமான காரணத்தை மனம் உருவாக்கிக்கொள்கிறது. வதந்தி அச்சத்தை உண்டாக்கவில்லை. இருந்த அச்சத்துக்கு நியாயம் வழங்கியது.

இதே நாட்களில் காந்தி தீண்டாமை எதிர்ப்புப் பயணமாகத் தென்தமிழகத்தில் இருந்தார். அப்பயணத்தில் ராஜபாளையத்துக்கும் வந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று பேசினார். இயற்கை நிகழ்வை இவ்வாறு விளக்குவது அறிவுக்கு ஒவ்வாது என இரவீந்திரநாத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். காந்தியின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் பேரழிவுக்கு அறநெறிக் காரணம் கற்பிக்கும் அதே தருக்கம், பட்டினியும் இழிவும் முற்பிறவிப் பயன் என்று சொல்பவருக்கும் உதவும். இதனைக் கீழே மீண்டும் காண்போம்.

கோட்பாடு சொல்வது என்ன?

ஒருவருடைய இரண்டு நம்பிக்கைகளோ, ஒரு நம்பிக்கையும் அவருடைய செயலும் ஒன்றோடொன்று மோதும்போது மனத்தில் ஓர் உறுத்தல் எழுகிறது. பசியைப் போல அதுவும் தணிக்கப்பட வேண்டியதாகிறது. "நான் நேர்மையானவன்" என்ற தன்மதிப்போடு மோதும்போது உறுத்தல் மிகக் கடுமையாகிறது. அதனைத் தணிக்க நேரிய வழி, செயலை மாற்றுவது அல்லது நம்பிக்கையை மாற்றுவது. ஆனால் இவ்விரண்டும் விலை மிகுந்தவை. சாதியின் ஆதாயங்களை விட வேண்டும். உறவினரின் பகையை ஏற்க வேண்டும். ஆகவே மனம் மலிவான வழிகளை நாடுகிறது. அவ்வழிகளை நம் மண்ணின் எடுத்துக்காட்டுகளோடு பார்க்கலாம்.

முதலாவது, புதிய காரணம் சேர்த்தல். அர்த்த மண்டப விவாதத்தில் "விதி எல்லோருக்கும் பொது" என்ற வாதம் இவ்வகையைச் சேர்ந்தது. அது பொய்யன்று, ஏனைய சாதி பக்தர்களும் அங்கே செல்ல முடியாது. ஆனால் உள்ளே செல்லும் தகுதி யாருக்கு, அத்தகுதி எதனால் வருகிறது என்ற அடுத்த கேள்வியை அது மறைத்துவிடுகிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கித் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 1970இல். பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் 24 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை வழங்கப்பட்டது 2021 ஆகஸ்டில். இடையில் அரை நூற்றாண்டு வழக்குகளில் கழிந்தது. வாயில் பொதுவாக மூடப்பட்டிருக்கிறது என்பது உண்மை. சாவி பொதுவாக இல்லை என்பதும் உண்மை.

இரண்டாவது, விதிவிலக்கு உண்டாக்குதல். பாணர் குலத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வார் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவர். வைணவக் கோயில்களில் அவருக்குச் சந்நிதி உண்டு. அர்ச்சகர் உலோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து திருவரங்கக் கோயிலுக்குள் சென்றார் என்பது மரபுக் கதை. சைவத்தில் நந்தனார் கதை. இவ்வடியார்களை வணங்கிய கோயில்களே, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களைப் பல நூற்றாண்டுகள் வாயிலுக்கு வெளியே நிறுத்தின. முரண் ஏன் வெடிக்கவில்லை? அடியாரைத் தெய்வத்தன்மை உடையவராக உயர்த்தி, அவர் பிறந்த மக்களிடமிருந்து அவரைப் பிரித்துவிட்டால் போதும். உளவியலில் இதனை உட்பிரிவாக்கம் என்பர். ஒருவரைப் பற்றிய உயர்ந்த எண்ணம் அவருடைய சமூகத்தைப் பற்றிய இழிந்த எண்ணத்தைத் தொடாமல் இருக்க, அவரைத் தனிப்பெட்டியில் வைப்பது. "அவர் வேறு மாதிரி" என்று அலுவலகத்தில் தலித் நண்பரைப் பற்றிச் சொல்லப்படும் பாராட்டும் இதுவே.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவர்மீது பழி. உலகம் நீதியானது, அவரவர்க்கு உரியது அவரவர்க்குக் கிடைக்கிறது என்று நம்ப மனிதர் விரும்புகின்றனர் என்பதை மெல்வின் லெர்னர் 1960களில் சோதனைகளால் காட்டினார். துன்புறுபவருக்கு உதவ வழியில்லாதபோது, பார்ப்பவர்கள் அவரையே தாழ்வாக மதிப்பிட்டனர். கர்மக் கோட்பாடு இம்மனப்போக்குக்கு இந்தியாவில் கிடைத்த தத்துவ ஆடை. இன்று அதே ஆடை வேறு நிறத்தில் வருகிறது: "அவர்கள் படிப்பதில்லை", "குடிக்கிறார்கள்", "வழக்குப் போட்டுப் பணம் வாங்குகிறார்கள்".

நான்காவது, காரணத்தை வெளியே தள்ளுதல். 1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. அங்கிருந்து சாலை வழியாக ராஜபாளையம் அதிகத் தொலைவில் இல்லை. அம்மக்கள் சொன்ன காரணம் தீண்டாமையும் காவல்துறையின் கொடுமையும். நாடெங்கும் அதிகம் பேசப்பட்ட காரணமோ வளைகுடாப் பணம். பணம்தான் காரணம் என்றால் நம் ஊரின் நடத்தையைப் பற்றி எதுவும் சிந்திக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சதி என்ற சொல் உள்ளூர் மனச்சான்றுக்கு மருந்தாகியது.

ஐந்தாவது, சிறிதாக்குதலும் தவிர்த்தலும். "அதெல்லாம் அந்தக் காலம்", "எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை" என்பவை இவ்வகையின. ஊரின் ஒரு தெருவுக்குள் ஒருபோதும் காலடி வைக்காமலேயே அத்தெருவினருக்குக் குறையில்லை என்று சொல்ல முடிவது இதனால்தான்.

ஒரு பேருந்தின் பெயர்: 1997

இவ்வழிகள் அனைத்தும் ஒருசேர வெளிப்பட்ட வரலாற்று நிகழ்வு இப்பகுதியிலேயே நடந்தது. தமிழகத்தின் அரசுப் பேருந்துகள் அன்று பாண்டியன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், இராணி மங்கம்மாள், நேசமணி முதலிய பெயர்களில் ஓடின. 1985இல் பழைய இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டமே அப்போது காமராசர் மாவட்டம் எனப்பட்டது. தலைவர் பெயர் வைப்பது எவருக்கும் உறுத்தவில்லை.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. கட்டபொம்மனின் படைத்தளபதியாகப் போற்றப்படும் அவர், பட்டியல் சாதிப் பட்டியலில் உள்ள தேவேந்திரகுலச் சமூகத்தைச் சேர்ந்தவர். கட்டபொம்மன் பெயரிலான பேருந்தில் ஏறியவர்கள், அவருக்காகப் போரிட்டவர் பெயரிலான பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர். மே மாதத் தொடக்கத்திலிருந்து பேருந்துகள்மீது கல்லெறிதலும் தீவைப்பும் கலவரமும் பரவின. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களும் அவ்வன்முறையைக் கண்டன. உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மதுரை மாவட்டத்தின் மேலவளவில், தனி ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். அவர்கள் பயணம் செய்ததும் ஒரு பேருந்தில்தான்.

இறுதியில் அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. வன்முறை தணிந்தது, அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் உளவியல் நோக்கில் நடந்தது இது: "நாங்கள் நியாயமானவர்கள்" என்ற எண்ணமும் "தலித் ஒருவர் பெயரை நாங்கள் சுமக்கமாட்டோம்" என்ற செயலும் மோதியபோது, இரண்டில் எதுவும் மாறவில்லை. மோதலை வெளிப்படுத்திய பொருள் அகற்றப்பட்டது. "எந்தப் பெயரும் வேண்டாம்" என்ற பொதுவிதி, "இந்தப் பெயர் வேண்டாம்" என்ற மறுப்புக்குக் கண்ணியமான போர்வையாயிற்று. இன்றைய கல்லூரி மாணவர் ஒருவர் விருதுநகர் பேருந்தில் ஏறும்போது, அதன் பக்கவாட்டில் ஏன் பெயரில்லை என்று அவருக்குத் தெரிவதில்லை. முரணோடு அதன் நினைவும் நீங்கிவிட்டது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், மாணவர்கள் சாதிக் கயிறுகள் அணிவதைத் தடுக்கவும் பரிந்துரைத்தது. இவை தேவையான பரிந்துரைகள். ஆனால் 1997இன் பாடம் நம் முன் உள்ளது. அடையாளத்தை நீக்குவது தொடக்கமாக மட்டுமே இருக்க முடியும். வகுப்பறையில் அதைப் பற்றிப் பேசாமல் நீக்கினால், கயிறு கையிலிருந்து மனத்துக்கு இடம்பெயரும்.

சொல்லும் செயலும்

நிலநடுக்கம் நிகழ்ந்த அதே 1934இல் ரிச்சர்டு லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சீன இணையர் ஒருவரோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து, 250க்கு மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் இடம் கேட்டார். மறுத்தது ஒன்றே ஒன்று. பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டபோது, விடையளித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றனர். மனப்பான்மை ஒன்று, செயல் வேறொன்று என்பதற்கு இது செவ்வியல் சான்று.

தமிழகத்தில் இம்முரண் தலைகீழாக இயங்குகிறது. இங்கே கேட்டால் சாதி இல்லை என்பர். நடத்தையில் சாதி இருக்கும். 2011–12இல் நாடளவில் நடத்தப்பட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தம் வீட்டில் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதாக ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஆறு பத்தாண்டுகளுக்குப் பின் எடுத்த கணக்கும்கூட.

ஆகவே களப்பணியாளர்கள் மக்களின் கருத்தைக் கேட்டு நிறைவடைதல் கூடாது. தேநீர்க் கடையில் யாருக்கு எந்தக் குவளை, சுடுகாட்டுப் பாதை யார் நிலத்தின் வழியே தடுக்கப்படுகிறது, திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, வாடகைக்கு வீடு கேட்பவரிடம் எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறது என்பவற்றைக் காண வேண்டும்.

தேர்தலும் ஒரு கண்ணாடி. தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதில் அடங்கும். சட்டமன்றத்தில் முன்பு ராஜபாளையம் தனித்தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூர். இங்கே எல்லாச் சாதி வாக்காளரும் தலித் வேட்பாளருக்கு வாக்களிக்கின்றனர். அதனால் மனம் மாறிவிட்டதா? எல்லா வேட்பாளரும் தலித் ஆகும்போது, வாக்கு என்னும் செயலுக்கு "வேறு வழியில்லை", "கட்சிக்காகப் போட்டோம்" என்ற வெளிக்காரணம் தயாராக இருக்கிறது. வெளிக்காரணம் வலுவாக உள்ள இடத்தில் உறுத்தல் எழுவதில்லை. உறுத்தல் எழாத இடத்தில் மனமாற்றமும் தானாக வருவதில்லை.

மனம் எப்போது மாறுகிறது?

இக்கடைசிக் கருத்துக்கு அடிப்படை, ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட சோதனை. மாணவர்கள் சலிப்பூட்டும் வேலை ஒன்றைச் செய்தனர். பிறகு, அடுத்து வருபவரிடம் அது சுவையான வேலை என்று பொய் சொல்லும்படி கேட்கப்பட்டனர். சிலருக்கு அதற்காக 20 டாலர். சிலருக்கு 1 டாலர். பின்னர் வினவியபோது, 20 டாலர் பெற்றவர்கள் வேலை சலிப்பானது என்றே கூறினர். 1 டாலர் பெற்றவர்களோ அது உண்மையிலேயே சுவையாக இருந்தது என்றனர். பெரிய கூலி பெற்றவருக்குப் பொய்யின் காரணம் கையிலேயே இருந்தது. சிறிய கூலி பெற்றவர் தம் செயலுக்குத் தம் மனத்திலிருந்தே காரணம் தேட வேண்டியிருந்தது.

இதிலிருந்து சிலர் தவறான முடிவுக்கு வருவதுண்டு: சட்டத்தின் அச்சுறுத்தல் மனத்தை மாற்றாது, ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பயனற்றது என்று. இது இரு வகையில் பிழை. முதலாவதாக, தாக்கப்படாமல் வாழும் உரிமை, தாக்குபவரின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கும் உரிமையன்று. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்பணி பாதுகாப்பு. இரண்டாவதாக, சட்டம் செயலை மாற்றுகிறது; மாறிய செயல் நாளடைவில் வழக்கமாகிறது; வழக்கத்துக்கு ஏற்ப மனம் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இதனைக் கண்டோம். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்ட தலித்துகள் ஐவரோடும் நாடார் ஒருவரோடும் கோயிலுக்குள் நுழைந்தார். அன்று நாடார்களுக்கும் பல கோயில்கள் மூடப்பட்டிருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கோயில் உரிமை தொடர்பான பகைமை 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. மதுரை நுழைவுக்குப் பின் சில அர்ச்சகர்கள் பூசை செய்ய மறுத்தனர். சனாதனிகள் வழக்குத் தொடுத்தனர். அரசு நுழைவைச் சட்டத்தால் காத்தது. 1947இல் மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. இன்று அக்கோயிலில் வரிசையில் நிற்பவர் தமக்கு முன்னால் நிற்பவரின் சாதியைக் கேட்பதில்லை. முதலில் எல்லோர் மனமும் மாறட்டும் என்று காத்திருந்தால் அவ்வரிசை உருவாகியிராது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மதுரை மாவட்ட ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் மற்றொரு சான்று. 1996 முதல் தனி ஊராட்சிகளாக இருந்தும், பத்தாண்டுகள் அங்கே தேர்தல் நடக்கவில்லை. அல்லது வென்றவர் உடனே பதவி விலகும்படி செய்யப்பட்டார். 2006இல் மாவட்ட நிர்வாகம் ஊர்மக்களோடு தொடர்ந்து பேசியது, அரசும் உறுதி காட்டியது, தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுக்கப்பட்டது. அங்கே உறுதியும் உரையாடலும் சேர்ந்து வேலை செய்தன. பின்வாங்கமாட்டோம் என்று அரசு காட்டியபோதுதான், ஏற்பதற்கான காரணத்தை ஊர் தனக்குள் தேடத் தொடங்கியது.

இத்தகைய மாற்றத்தின் தன்மையை ராஜஸ்தான் ஊராட்சிகளில் சைமன் ஷோஷார் ஆராய்ந்தார். தலித் தலைவரின் கீழ் வாழ்ந்த ஆதிக்கச் சாதியினரிடம், தலித்துகளைப் பற்றிய தாழ்வான எண்ணம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எது சட்டப்படி தவறு, எதை ஊர் ஏற்காது என்பது பற்றிய அவர்களின் கணிப்பு மாறியது. அதனால் பாகுபாடு காட்டும் விருப்பமும் குறைந்தது. நெஞ்சம் மாறுவதற்கு முன்பே நடத்தை மாறலாம். பாதிக்கப்படுபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

கலந்து வாழ்தல் போதுமா?

ஒருவரோடொருவர் பழகினால் வெறுப்புக் குறையும் என்பதைக் கார்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகளோடு கூறினார்: சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. நிபந்தனைகளை மறந்து பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே நம் வழக்கமான பிழை. பண்ணையாரும் பண்ணையாளும் நாள்தோறும் பழகினர், சமநிலை இல்லை. ராஜபாளையம் வட்டாரத்தின் நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டியின் மருத்துவத்துணித் தறிகளிலும் பல சாதியினர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யலாம். வேலை முடிந்து தனித்தனித் தெருக்களுக்குத் திரும்பினால், ஆலை தந்த பழக்கம் ஆலை வாயிலோடு நின்றுவிடும்.

1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரம் இந்நான்கு நிபந்தனைகளுக்கும் அருகில் வந்த முயற்சி. நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு. எஞ்சியவை பிற சாதியினருக்கு. பொதுச் சுடுகாடு, பொது இடங்கள். அதன் குறைகள் பல. ஆனால் ஊர், சேரி என்ற பிரிவின்றி ஒரு தெருவை வரைய முடியும் என்று அரசே காட்டியது சிறிய செய்தியன்று.

ஒத்துழைப்பு என்ற நிபந்தனையின் வலிமையை மேத்யூ லோ உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் மூலம் சோதித்தார். 2021இல் வெளிவந்த அவ்வாய்வில், பல சாதி இளைஞர்கள் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு பெருகியது. எதிரணியாக மட்டும் சந்தித்தபோது நட்பு பெருகவில்லை. சாதி கடந்த நெருக்கம் குறைந்தது. தெருவுக்கு ஓர் அணி வைத்து நடத்தப்படும் நம் ஊர்ப் பொங்கல் போட்டிகள் எதை வளர்க்கின்றன என்று சிந்திக்கலாம்.

ஒடுக்கப்பட்டோரின் மனத்திலும்

முரண் ஒடுக்குபவரின் மனத்தில் மட்டும் எழுவதில்லை. "நான் எவருக்கும் தாழ்ந்தவன் அல்லன்" என்ற அறிவும், "நாள்தோறும் தாழ்த்தப்படுகிறேன்" என்ற பட்டறிவும் ஒருவர் நெஞ்சில் மோதும்போது அதன் வலி பன்மடங்கு. சிலர் அமைப்பையே நியாயம் என்று ஏற்று அவ்வலியைத் தணிக்கின்றனர். ஜான் ஜோஸ்ட், மஹ்சரின் பானாஜி ஆகியோர் 1994இல் இதனை அமைப்பை நியாயப்படுத்தல் என்று விளக்கினர். சிலர் கல்லூரியில் சாதியை மறைக்கின்றனர். தலித் சாதிகளுக்குள்ளேயே, தமக்குக் கீழே அருந்ததியரை வைத்து ஆறுதல் தேடுவோரும் உள்ளனர். இதனைப் பேசாமல் விடுவது நம் தரப்பின் தவிர்த்தல்.

அம்பேத்கர் காட்டிய வழி வேறு. முரணை மறைக்காமல் கூர்மைப்படுத்துவது. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அவர் ஆற்றிய உரை, அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளியல் வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண் வாழ்க்கைக்குள் நாடு நுழைகிறது என எச்சரித்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது, இழிவை நியாயப்படுத்தும் நம்பிக்கையையே விட்டு வெளியேறினார். மீனாட்சிபுரத்தார் கால் நூற்றாண்டுக்குப் பின் எடுத்த முடிவும் அவ்வகைப்பட்டதே.

கோட்பாட்டின் எல்லை

அறிதல் முரண் கோட்பாட்டுக்கு மறுப்புகளும் உண்டு. மனிதர் உறுத்தலால் மாறவில்லை. தம் செயலைத் தாமே கவனித்து, அதிலிருந்து தம் கருத்தை ஊகிக்கின்றனர் என்று டேரில் பெம் 1967இல் வாதிட்டார். முரணே எழாத மனங்களும் உண்டு: சாதி இயற்கை என்று முழுமையாக நம்புபவருக்கு உறுத்த எதுவுமில்லை. மேலும், சாதி மனத்தில் மட்டும் வாழ்வதில்லை. நிலம், கூலி, நீர்நிலை, ஆணவக்கொலை, காவல்நிலையம் ஆகியவற்றில் அது வாழ்கிறது. சாதி என்பது ஒரு மனநிலை என 1936இல் எழுதிய அம்பேத்கரே, அம்மனநிலையைச் சாத்திரங்களின் புனிதத்தோடும் அகமணத்தோடும் பிணைத்துக் காட்டினார். மனத்தை மட்டும் திருத்தப் புறப்படுவது, வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும்.

களத்துக்குச் சில முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து செயல்பாட்டாளர்களும் மாணவர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில.

ஒருவரை வெறும் சாதி வெறியர் என்று கூட்டத்தில் அழைத்தால், தன்மதிப்பைக் காக்க அவர் பழைய நிலையையே இறுகப் பற்றுவார். மாறாக, சமத்துவத்தை ஏற்பதாக அவர் பலர் முன்னிலையில் சொல்லிய பிறகு, அவர் வாழ்வில் அதற்கு மாறான இடங்களை அவரையே எண்ணிப் பார்க்கச் செய்வது பயன் தரும். எலியட் ஆரன்சனும் அவருடைய சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு நல்லதைப் பரிந்துரைத்துப் பேசிவிட்டு, தாம் அதைச் செய்யத் தவறிய தருணங்களை நினைவுகூர்ந்த மாணவர்களே தம் நடத்தையை மாற்றிக்கொள்ள முன்வந்தனர். கல்லூரிகளில் எடுக்கப்படும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி இங்கே பயன்படும். உறுதிமொழியோடு நிறுத்தாமல், அன்று மதிய உணவை யாரோடு உண்டோம் என்ற கேள்வியையும் சேர்த்தால்.

"விதி பொது" என்ற வாதம் வரும்போது, விதி யாரைத் தடுக்கிறது என்பதோடு நிற்காமல், யாரை அனுமதிக்கிறது, ஏன் என்று கேட்க வேண்டும். விதிவிலக்கான ஒருவரைப் புகழும்போது, அவர் பிறந்த தெருவைப் பற்றிக் கேட்க வேண்டும். அடையாளங்கள் நீக்கப்படும்போது, எதற்காக நீக்கப்பட்டன என்ற வரலாற்றை எழுதி வைக்க வேண்டும். சட்டம் தரும் பாதுகாப்பை, மனமாற்றம் வரும்வரை என்ற நிபந்தனையோடு எவரும் பேரம் பேச விடக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே தமிழக அரசின் முத்திரையில் உள்ளது என்பது பரவலாக வழங்கும் செய்தி. அம்முத்திரையின் கீழ் வாய்மையே வெல்லும் என்று பொறிக்கப்பட்டுள்ளது. அரசின் ஒவ்வொரு ஆணையும், தீண்டாமைக்கு எதிரான ஆணை உட்பட, அக்கோபுரத்தைத் தாங்கியே வெளியாகிறது. அதே கோபுரத்தின் உள்ளே எவர் எதுவரை செல்லலாம் என்பதைப் பிறப்பு இன்னும் முடிவு செய்யுமாயின், அம்முரணுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் கோயிலார் மட்டுமல்லர். அம்முத்திரையின் கீழ் வாழும் நாம் அனைவரும்.